மாநாட்டுப் பந்தலும் பெரம்பூர் வெள்ளமும்

2023 திசம்பர் முதல் நாள், துபாயில் கூடிய உலகக் காலநிலை மாநாட்டில், 2028ஆம் ஆண்டு மாநாட்டை இந்திய மண்ணில் நடத்த முன்வருவதாகத் தலைமையமைச்சர் அறிவித்தார். மூன்று நாள் கழிந்தது. நான்காம் நாள் மிக்சாம் புயல்மழையில் பெரம்பூரும் வியாசர்பாடியும் புளியந்தோப்பும் நீருள் நின்றன. மணலித் தொழிற்பகுதியினின்று வழிந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே சென்று, கொற்றலையாறு கடலிற் கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்திற் பரவி, வலையையும் படகையும் கருமையாக்கிற்று. உலகை விருந்துக்கழைக்கும் குரல் ஒருபுறம். அடுப்பில் நீர் புகுந்த வீடு மறுபுறம்! இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவைத் தமிழர் அளந்து பார்த்தல் வேண்டும்.

இத்தகு மாநாடு இந்தியாவிற்குப் புதிதன்று. 1992இல் இரியோ மாநாட்டில் நாடுகள் கையொப்பமிட்ட காலநிலை உடன்படிக்கையின் எட்டாம் மாநாடு, 2002 அக்தோபர் 23 முதல் நவம்பர் 1 வரை புதுதில்லியில் நிகழ்ந்தது. அதன் தலைவராக அமர்ந்தவர் அன்றைய நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சர் டி. ஆர். பாலு; அவர் தமிழர். தலைமையிருக்கை தமிழருக்குக் கிடைத்தது. தமிழுக்கோ கடைசி இருக்கையும் இல்லை. அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, உருசியம், இசுப்பானியம் என்னும் ஆறு மொழிகளே ஒன்றிய நாடுகள் அவைக்கு உரியவை.

அவை போகட்டும். அம்மாநாட்டின் முடிவுகளுள் ஒன்றே இங்குக் கருதத்தக்கது. உடன்படிக்கையின் ஆறாம் பிரிவு, காலநிலை மாற்றம் பற்றிய கல்வியையும் பொதுமக்கள் விழிப்பையும் பங்கேற்பையும் வலியுறுத்துவது. அதனை நிறைவேற்ற வகுத்த ஐந்தாண்டுத் திட்டத்திற்குப் பெயரே புதுதில்லிச் செயல்திட்டம். பெயரை ஈந்த தில்லி பொருளைக் கைக்கொண்டதா? 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் வரைவை ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளியிட்டு, மக்கள் கருத்தைக் கேட்டது நடுவண் அரசு. எண்ணூர் மீனவன் எந்த மொழியிற் படித்து எந்த மொழியில் மறுப்பான்? எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் அதனைப் பெயர்க்குமாறு தில்லி உயர்நீதிமன்றம் சூன் 30ஆம் நாள் ஆணையிட்டது. பெயர்த்துத் தரவேண்டிய அரசோ, ஆணையை எதிர்த்து உச்சநீதிமன்றப் படியேறிற்று. மக்களுக்குப் புரியாத மொழியில் மக்கள் கருத்தைக் கேட்பது, காது கேளாதான் முன் முரசறைவது போன்றதன்றோ?

மொழி புரிந்தால் மக்கள் எழுவர் என்பதற்குப் பெரம்பூரே சான்று. பக்கிங்காம், கர்நாடக ஆலைத் தொழிலாளரைக் கொண்டு 1918 ஏப்பிரலில் இங்கெழுந்த சென்னைத் தொழிலாளர் சங்கமே, இந்தியாவில் முறைப்பட அமைந்த முதல் தொழிற்சங்கம் எனப் போற்றப்படுவது. அதன் தலைவர் வாடியா தமிழறியார். அவர் கருத்து ஆலைத் தொழிலாளியின் நெஞ்சிற் பதிந்தது திரு.வி.க. போன்றோரின் தமிழ் வாயிலாகவே. கூலியும் உரிமையும் தமிழில் விளங்கிய பின்னரே கூட்டம் இயக்கமாயிற்று. காலநிலைக்கும் இவ்வழியன்றி வேறு வழியில்லை.

அறிவியலைச் சொல்லத் தமிழிற் சொல்லில்லை என்பார் உளர். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்தது தொல்காப்பியம். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆண்டை ஆறாகப் பகுத்தவரும், வடக்கினின்று வருவதை வாடை, தெற்கினின்று வருவதைத் தென்றல், கிழக்கினின்று வருவதைக் கொண்டல், மேற்கினின்று வருவதைக் கோடை எனக் காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்டவரும் தமிழரே. சொல்லில்லை என்பது மொழியின் குறையன்று, தேடாதவரின் குறை.

தில்லியை மட்டும் நொந்து பயனில்லை. தமிழ்நாட்டரசும் 2022 திசம்பரில் சென்னையிற் காலநிலை மாநாடு கூட்டிக் காலநிலை மாற்ற இயக்கத்தைத் தொடங்கியது. நன்முயற்சி, வாழ்த்தத்தக்கது. ஆயினும் அதன் அறிக்கை ஒவ்வொன்றும் முதற்கண் தமிழில் எழுதப்பெற்று, பின்னரே ஆங்கிலத்திற் பெயர்க்கப்பெறல் வேண்டும். வெள்ள வரைபடம் தெருப்பெயரோடு தமிழிற் பள்ளிச் சுவரில் தொங்கல் வேண்டும். அனல்மின் நிலையச் சாம்பலையும் ஆலைக் கழிவையும் பற்றிய ஆய்வு முடிவுகள் மீனவர் குப்பங்களில் தமிழிற் படிக்கப்பெறல் வேண்டும். கழிமுகத்தின் ஆழமும் நீரோட்டமும் அறிந்த மீனவர், பேராளரோடு சமமாக அமர்ந்து தம் மொழியிற் பேசல் வேண்டும்.

மாநாடு எந்நகரில் எவ்வாண்டு கூடினும் அதற்குரிய உண்மை ஆயத்தம் இதுவே. பந்தலும் வண்ண விளக்கும் பத்து நாளிற் பிரிக்கப்படும். அடுத்த காரிலும் பெரம்பூருக்கு மழை வரும். அன்று தன் தெருவிற் புகும் நீர் எங்கிருந்து வருகின்றது, அதனைத் தடுக்கத் தவறியவர் யார் என்பதைத் தன் தாய்மொழியிற் கேட்கவல்ல தமிழன் ஒவ்வொரு தெருவிலும் நிற்பானாயின், அதுவே வென்ற மாநாடு!