உள் விட்டமா, வெளி விட்டமா?

அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுவதற்குச் சட்டத்தில் தடையில்லை. 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டப்படி, பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கும் வீட்டில் வருஷத்துக்கு 200 கேலன் வரை வரி கட்டாமல் காய்ச்சலாம். காய்ச்சுவதும் பிரமாதமான வித்தை இல்லை. பாட்டில் பாட்டிலாகக் கழுவி மூடி போட அலுத்துப்போய், ‘ஒரு கெக் (பீர்ப் பீப்பாய்) வாங்கிவிடலாம்’ என்று கிளம்புகிறோம் பாருங்கள், அங்கே பிடிக்கிறது சனி. கெக் கிடைத்துவிடும், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் ரெகுலேட்டரும் கிடைத்துவிடும். இவற்றை இணைக்கிற டியூப் இருக்கிறதே, அதுதான் மனுஷனைப் படுத்தி எடுக்கிறது.

5/16 இஞ்ச் என்று ஓர் அளவு. சிலிண்டரிலிருந்து கெக்குக்குப் போகும் கேஸ் லைனுக்கு அதுதான் வாங்க வேண்டும் என்பார்கள். வரிவரியான உலோக மூக்கின் மேல் இழுத்து மாட்டும் வினைல் டியூபில் 5/16 என்றால் உள் விட்டம். சொருகினால் தானே கவ்விக்கொள்ளும் புஷ்-இன் இணைப்பில் அதே 5/16, டியூபின் வெளி விட்டம்! இரண்டு பாக்கெட்டிலும் வெறும் 5/16 என்றே போட்டிருந்தால் யார் கண்டது? கடையில் போய், “இது உள்ளளவா, வெளியளவா?” என்று கேட்டேன். “ஸ்டாண்டர்டு சைஸ்தான்” என்று பதில் வந்தது. எதன் ஸ்டாண்டர்டு? இதற்கு நடுவில் மில்லிமீட்டர் சாமான் வேறு. 5/16 இஞ்ச் என்பது 7.94 மி.மீ., அதனால் 8 மி.மீ. புஷ்-இன்னில் அது சரியாகவே உட்காரும். இந்த நல்ல சேதியையாவது பாக்கெட்டில் போடக்கூடாதா?

கேஸ் லைனில் அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் ஒழுகாமல் இருந்தால் சரி. கெக்கிலிருந்து பீரைக் கொண்டுவரும் பீர் லைன் அப்படி விடாது. 4 மி.மீ. உள் விட்டமும் 5 மி.மீ. உள் விட்டமும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் விட்டம் குறையக் குறையத் தடை கிடுகிடுவென்று ஏறும். ஒரே வேகத்தில் ஓடும் பீருக்கு 5-ஐவிட 4-இல் இரண்டரை, மூன்று மடங்கு தடை. அந்தத் தடைதான் கெக்கின் அழுத்தத்தை வழியிலேயே தின்று, பீரைச் சாதுவாகக் கிளாஸில் இறக்குகிறது. தடை போதாவிட்டால் கிளாஸ் நிறைய நுரை. அடியில் இரண்டு விரற்கடை பீர்.

எத்தனை அடி போடுவது? 3/16 இஞ்ச் வினைலுக்கு அடிக்கு 2 முதல் 3 பி.எஸ்.ஐ. தடை என்று அட்டவணை சொல்கிறது. கெக்கில் 12 பி.எஸ்.ஐ. அழுத்தம் வைத்தால் கணக்குப்படி ஐந்தடி தாராளம். ஐந்தடி போட்டவர்களைக் கேளுங்கள், நுரைக் கதை சொல்வார்கள். பழகினவர்கள் பத்தடி போடுகிறார்கள். அந்த அட்டவணை மதுக்கடைக்காரர்களின் வேகத்துக்கு, அதாவது நிமிஷத்துக்கு ஒரு கேலன் ஊற்றுவதற்குப் போட்டது. வீட்டில் நிதானமாக ஊற்றுகிறவனுக்கு அது பொருந்தாது. ஓட்டம் குறைந்தால் தடையும் குறையும். இந்த ஒரு வரியை விட்டுவிட்டு அட்டவணையை மட்டும் காப்பியடித்துக்கொண்டே இருக்கிறார்கள். நீளமாக வாங்கி, பீர் வருவது ரொம்ப மந்தமாக இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக் குறைப்பதுதான் வழி. வெட்டினதை ஒட்ட முடியாது.

அளவு முடிந்தால் அடுத்தது, எதனால் செய்த டியூப் என்பது. வினைல் மலிவு, வளையும், ஆனால் ஆக்சிஜனை உள்ளே விடும். உள்ளே 12 பி.எஸ்.ஐ. கார்பன் டை ஆக்சைடு இருக்கும்போது வெளிக்காற்று எப்படி நுழையும் என்று அதட்டுகிறவர்கள் உண்டு. நுழையும் ஐயா. வெளியே காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், உள்ளே அநேகமாகப் பூஜ்யம். கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு முறுக்கினாலும் ஆக்சிஜனுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. ஹாப்ஸைக் கொட்டிக் காய்ச்சின வெளிர் மஞ்சள் ஐ.பி.ஏ. பீர், லைனில் சில நாள் நின்றாலே பழுப்படித்து, வாசனையும் போய்விடும். சிலிகான் டியூப் இதில் வினைலையும் மிஞ்சிய ஓட்டைவாய். அதையும் ‘உணவுத் தரம்’ என்று முத்திரை குத்தி அதே அலமாரியில்தான் வைக்கிறார்கள். உணவுத் தரம் சரி, பீரைக் காக்குமா? ஆக்சிஜனைத் தடுக்கும் இரட்டைச் சுவர் டியூப் இருக்கிறது, நல்ல சரக்கு, ஆனால் விறைப்பு. பழைய உலோக மூக்கில் ஏற்ற வேண்டுமானால் நுனியை வெந்நீரில் முக்கி, விரல் சிவக்கத் திருகித் தள்ள வேண்டும். வேண்டாம் என்று புஷ்-இன்னுக்குப் போனால், கத்தரிக்கோலால் வெட்டின டியூபின் வாய் நசுங்கி முட்டை வடிவமாகி, ஒரு பக்கம் கவ்வாமல் நிற்கும். அதற்கென்று தனி வெட்டுக்கருவி. அதையும் வாங்கு.

எல்லாம் மாட்டின பிறகு சோப்பு நீரை ஒவ்வொரு மூட்டிலும் தடவிப் பார்க்க வேண்டும். குண்டூசித் தலை அளவு குமிழி ஒன்று மெதுவாக ஊதி, உடைந்து, மறுபடி ஊதும். அதைப் பார்க்காமல் விட்டால் 5 பவுண்டு சிலிண்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் காலி. ஒரு பாக்கெட்டில் ‘வெளி விட்டம்’ என்று போட எத்தனை சொட்டு மை செலவாகும்? கேஸுக்குத் தண்டம் அழுவது நாம்தானே, அதனால் டியூப் விற்கிறவர்களுக்கு அவசரமில்லை.