"சமூகம்" என்ற சொல்லுக்குள் நாம் இருக்கிறோமா?



2020 ஏப்ரல் 20. ஒரே நாளில் சிங்கப்பூரில் 1,426 பேருக்கு கோவிட்-19 தொற்று என்று அறிவித்தார்கள். அதில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 16 பேர்தான். மற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் விடுதிகளில் தங்கியிருந்த வெளிநாட்டு ஊழியர்கள். உட்லண்ட்ஸில் எங்கள் புளோக் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார்: "பதினாறுதானே தம்பி, பரவாயில்லை."

அவர் நல்ல மனிதர். யார் கஷ்டப்பட்டாலும் முதலில் ஓடுகிறவர். தஞ்சாவூரிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் வந்த நம் பிள்ளைகள் அந்தப் பெரிய எண்ணிக்கைக்குள் கிடந்தது அவர் கண்ணில் படவில்லை. ஏன்? தினமும் வந்த கணக்கு அவருக்கு அப்படிப் பார்க்கத்தான் கற்றுக்கொடுத்தது. "சமூகத்தில் இத்தனை, விடுதிகளில் இத்தனை." அப்படியானால் விடுதியில் இருப்பவன் சமூகத்தில் இல்லையா?

தொற்று எங்கே பரவுகிறது என்று தனித்தனியாக எண்ணுவது மருத்துவத்துக்குத் தேவை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் "விடுதிக்கு வெளியே" என்று ஒரு சொல் போட்டிருந்தால் கணக்கு கெட்டுப்போயிருக்குமா? "சமூகம்" என்ற பெயரை ஒரு பக்கத்துக்கு மட்டும் கொடுத்ததால்தான், மறுபக்கத்தில் ஆயிரம் கூடினாலும் ஊர் நிம்மதியாகத் தூங்கியது.

எச்சரிக்கை வராமல் இல்லை. விடுதி நெரிசலில் தொற்று பரவும் அபாயத்தை, வெளிநாட்டு ஊழியர் நல அமைப்பான டிடபிள்யூசி2 2020 மார்ச் 23 அன்றே நாளிதழுக்குக் கடிதமாக எழுதியது. ஏப்ரல் 5ஆம் தேதி பொங்கோல் எஸ்11 விடுதியும் வெஸ்ட்லைட் தோ குவான் விடுதியும் தனிமைப்படுத்தும் இடங்களாக அறிவிக்கப்பட்டன. ஏறக்குறைய 20,000 பேர் உள்ளே. அன்றைய விதிப்படி 15 பேருக்கு ஒரு கழிவறை போதும். அப்படி ஓர் இடத்தில் "இடைவெளி விட்டு இருங்கள்" என்றால் என்ன அர்த்தம்?

டிசம்பர் 14 அன்று வந்த அரசாங்கக் கணக்கையும் பாருங்கள். விடுதிவாசிகளில் பிசிஆர் சோதனையில் தொற்று உறுதியானவர்கள் 54,505 பேர். ரத்தப் பரிசோதனையில், முன்பே தொற்று வந்து போயிருந்தது தெரிந்தவர்கள் மேலும் 98,289 பேர். மொத்தத்தில் விடுதிவாசிகளில் 47 விழுக்காடு. அந்த 98,289 பேர் தினசரிக் கணக்கில் ஒரு நாளும் வரவே இல்லை! அரசாங்கம் சிகிச்சை கொடுத்தது, உணவு கொடுத்தது, உண்மை. ஆனால் உயிரைக் காப்பது ஒன்று, மனிதனாக எண்ணுவது இன்னொன்று.

இன்னொரு சொல்லுக்கு வருவோம். "தனிமைப்படுத்தல்". ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு சொற்கள். நோய் வந்தவரைப் பிறரிடமிருந்து பிரித்து வைப்பது 'ஐசொலேஷன்'. நோயாளியின் பக்கத்தில் இருந்துவிட்டு, நோய் வருமா வராதா என்று தெரியாதவரை சில நாட்கள் ஒதுங்கி இருக்கச் சொல்வது 'குவாரன்டீன்'. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டோம். விளைவு? துப்புரவு வேலை செய்யும் ஓர் அக்கா கையில் கடிதத்தோடு என்னிடம் வந்தார். அவருக்கு நோய் இல்லை. உடன் வேலை பார்த்தவருக்குத்தான் இருந்தது. ஆனால் கடிதம் வந்த சேதி பரவிய அன்றே, அந்தத் தளத்தில் இருந்தவர்கள் அவர் பிள்ளைகளோடு மின்தூக்கியில் ஏற மறுத்துவிட்டார்கள். கடிதம் ஆங்கிலத்தில் இருந்ததால் அது போலீஸ் வழக்கு என்று பயந்து இரண்டு இரவு தூங்காமல் கிடந்திருக்கிறார்.

"சமூக இடைவெளி" என்பதையும் யோசியுங்கள். தள்ளி நில், தொடாதே, தெருவுக்குள் வராதே என்று நூற்றாண்டுகளாகக் கேட்டுப் பழகிய சனங்களுக்கு அந்தச் சொல் எப்படிக் கேட்கும்? உலகச் சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில் "உடல் இடைவெளி" என்று சொல்லத் தொடங்கியது. உடல் விலகட்டும், உறவு விலகக் கூடாது என்பதே காரணம். சிங்கப்பூரில் "பாதுகாப்பான இடைவெளி" என்றார்கள். அது நல்ல சொல். நல்லதை நல்லது என்று சொல்வோம்.

ஒரு வழக்கறிஞனாக இதையும் சொல்ல வேண்டும். இவை வெறும் வார்த்தைகள் அல்ல, சட்டம். 2020ஆம் ஆண்டின் தற்காலிக நடவடிக்கைச் சட்டத்தில், முதல் முறை விதியை மீறினாலே 10,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஏப்ரல் 7ஆம் தேதி காலையில் சட்டம் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் ஒரே தண்டனைதான். அப்படியென்றால் தெரியப்படுத்தும் கடமை யாருடையது? அரசியலமைப்பின் 153ஏ பிரிவு தமிழை அதிகாரத்துவ மொழி என்கிறது. 152ஆம் பிரிவு சிறுபான்மை இனத்தவர் நலனைப் பேணுவது அரசாங்கத்தின் பொறுப்பு என்கிறது. மூன்று மொழியில் முடித்துவிட்டு, கடைசியில் அவசரமாகத் தமிழைச் செருகுவது இந்தப் பொறுப்பை நிறைவேற்றுவது ஆகாது.

அபாயத்தை அறிவிப்பது என்றால் சுவரொட்டி ஒட்டுவது மட்டும் இல்லை. அபாயத்தில் இருப்பவன் தானே முடிவெடுக்கும்படி அவனுக்குப் புரிய வைப்பது, அவன் திருப்பிச் சொல்வதைக் கேட்பது. மார்ச் 23 கடிதத்தைக் கேட்டிருந்தால் அதுதான் அபாய அறிவிப்பு.

ஆகவே நாம் கேட்பது மூன்றே மூன்று:

1. அடுத்த தொற்று வருமுன், தமிழ்ச் சொற்களை இப்போதே முடிவு செய்யுங்கள். ஐசொலேஷனுக்குப் "பிரித்துவைத்தல்", குவாரன்டீனுக்குக் "கண்காணிப்புத் தனிமை" என்று இரண்டு சொல் இருக்கட்டும். விடுதி ஊழியர்களையும் துப்புரவுத் தொழிலாளர்களையும் கூப்பிட்டு, படிக்கச் சொல்லி, புரிகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

2. தண்டனை உள்ள எந்த உத்தரவும் பெறுபவரின் மொழியில் அதே நாளில் போய்ச் சேர வேண்டும்.

3. எண்ணிக்கையை எப்படி வேண்டுமானாலும் பிரியுங்கள். "சமூகம்" என்ற சொல்லை மட்டும் எல்லாருக்கும் வையுங்கள்.

உறவுகளே, நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. விடுதிகளுக்கு 2021இல் புதிய தரம் அறிவித்தார்கள்: புதிதாகக் கட்டப்படும் விடுதிகளில் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, ஆறு பேருக்கு ஒரு கழிவறை. சட்டம் மாறுகிறது, மெதுவாகவாவது மாறுகிறது. நம் மனக்கணக்கு மாறியிருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை தேக்கா பேருந்தில் பக்கத்தில் உட்காரும் தம்பியை "அவங்க" என்று சொல்வதை நாம் முதலில் நிறுத்துவோம். அமைச்சிடம் கேட்பதற்கு முன், இதை நம் வாயிடம் கேட்போம்.