முயல் ஹலால்தான், நமது கூண்டு?

 

வீட்டில் இறைச்சிக்காக முயல் வளர்ப்பது பற்றிப் பேச்சு எழுந்தால் நம்மவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: ஹலாலா, ஹராமா? விடை கிடைத்ததும் பேச்சு முடிந்துவிடுகிறது. பேச்சு தொடங்க வேண்டிய இடமே அதுதான் என்பது நமது வாதம்.

சட்டத்தில் ஐயமில்லை. மர்ருள் ளஹ்ரான் என்னுமிடத்தில் அனஸ் (ரலி) ஒரு முயலைத் துரத்திப் பிடித்தார்கள். அபூதல்ஹா (ரலி) அதை அறுத்து, தொடைப் பகுதியை நபி (ஸல்) அவர்களுக்கு அனுப்பினார்கள். நபியவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இச்செய்தி பதிவாகியுள்ளது. நான்கு மத்ஹபுகளும் முயலை ஆகுமானதாகவே கொள்கின்றன. ஷியாக்களின் ஜஅஃபரி சட்டமோ தடுக்கிறது. எனினும் குர்பானிக்கும் அகீகாவுக்கும் முயல் செல்லாது.

"முயலுக்கு மாதவிடாய் உண்டு, ஆகவே கூடாது" என்று சிலர் இன்றும் சொல்லித் திரிகிறார்கள். முயலுக்கு மாதவிடாயே கிடையாது. ஆணுடன் இணைந்த பிறகே அதன் கருமுட்டை வெளிப்படுகிறது. "தன் கழிவைத் தானே தின்கிறதே" என்பது அடுத்த ஆட்சேபம். பெருங்குடலில் உருவாகும் மென்மையான உருண்டைகளை முயல் மீண்டும் உண்பது, பசு அசைபோடுவதைப் போன்ற இரண்டாம் செரிமானம். அல்லாஹ் அதன் உடலை அவ்வாறு படைத்திருக்கிறான். அவன் அனுமதித்ததை அருவருப்பின் பெயரால் ஹராமாக்கும் உரிமை எவருக்கும் இல்லை.

ஆனால், "ஹலால்" என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மற்றெல்லாவற்றையும் மறந்துவிடும் சகோதரர்களிடமே நமது பெரிய வழக்கு இருக்கிறது.

முயலுக்கு வியர்த்து உடலைக் குளிர்விக்கத் தெரியாது. பெரும்பாலும் காதுகளின் வழியாகவே அது வெப்பத்தை வெளியேற்றுகிறது. தமிழ்நாட்டின் முயல் ஆராய்ச்சி நிலையங்கள் நீலகிரியின் சாண்டிநல்லாவிலும் கொடைக்கானல் மலையின் மன்னவனூரிலும் இருப்பதை எண்ணிப் பாருங்கள். நம் கீழப்பாவூரோ சமவெளி. குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் நமக்கும் குளிர்ந்த காற்று கிடைக்கும். சித்திரை வெயிலில் அது ஏது? மொட்டை மாடியில் தகரக் கூரையின் கீழ் கம்பிவலைக் கூண்டை வைத்துவிட்டு, "முயல் தாங்கவில்லை, செத்துவிட்டது" என்று கை விரிப்பது என்ன நியாயம்? பூனையை அடைத்துவைத்து, உணவும் கொடாமல், தானாக இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் புகுந்தாள் என்ற ஹதீஸை மிம்பரில் கேட்டுக் கண்கலங்குகிறோம். நம் வீட்டு மாடியிலும் அதே பூட்டுத்தான் தொங்குகிறது.

அடுத்தது பேராசை. முயலின் சினைக்காலம் ஏறத்தாழ 30 நாள். ஓர் ஈற்றில் ஆறு முதல் எட்டுக் குட்டிகள் வரை கிடைக்கும். ஈன்ற அன்றே மீண்டும் சினைப்படும் இயல்பும் அதற்கு உண்டு. உடனே சிலர் காகிதத்தில் கணக்குப் போடத் தொடங்குகிறார்கள். கண் திறக்காத, உரோமம் முளைக்காத குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாயை மீண்டும் ஆண் கூண்டில் விடுகிறார்கள். இயல்பு இருக்கிறது என்பதற்காக ஓர் உயிரைப் பிழிந்தெடுப்பதா? இந்தக் காகிதக் கணக்கை நம்பி முதலீடு செய்வோருக்கு 2012-இல் பெருந்துறையில் சரிந்த ஈமு கோழித் திட்டம் நினைவிருக்கட்டும். "குட்டிகளை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்வோம்" என்ற வாக்குறுதி வியாபாரமாகிவிடாது. இறைச்சியை உண்ண வாங்குபவர் எங்கே இருக்கிறார் என்பதை முதலில் கேளுங்கள்.

இறுதியாக, கத்தி. முயலைப் பின்னங்கால்களில் தூக்கிப் பிடரியில் அடித்தோ, கழுத்தைத் திருகியோ கொல்வது பல இடங்களில் வழக்கம். அடிபட்டுச் செத்ததையும் மூச்சுத் திணறிச் செத்ததையும் ஐந்தாம் அத்தியாயமான அல்மாயிதாவின் மூன்றாம் வசனம் பெயர் சொல்லித் தடுக்கிறது. உயிர் இருக்கையில் முறைப்படி அறுத்தது மட்டுமே விலக்கு. செத்த பின் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கத்தி வைத்தால், அது ஹலாலான பிராணியின் ஹராமான இறைச்சி. தோலுரித்துத் தொங்கும் முயலை வாங்குவோர், அறுத்தவர் யார், எப்படி அறுத்தார் என்று கேட்டே ஆக வேண்டும். வீட்டில் அறுப்பவர் கத்தியை நன்கு தீட்டட்டும். மற்ற முயல்களின் கண்ணெதிரே அறுக்க வேண்டாம். அறுக்கும்போதும் அழகிய முறையைக் கையாளுமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டது முஸ்லிம் நூலில் உள்ளது.

"இத்தனை நிபந்தனை போட்டால் ஏழை எப்படி வளர்ப்பான்?" என்பார்கள். நாம் கேட்பவற்றில் செலவுள்ளது எது? தகரத்துக்குப் பதில் கீற்றுக் கூரை, வெயில் நேரத்தில் ஓர் ஈரச் சாக்கு, எந்நேரமும் தண்ணீர், கம்பிவலைமேல் கால் புண்ணாகாமல் உட்கார ஒரு பலகை, ஈனுவதற்கு ஒரு பெட்டி. வேலியோர அகத்தியும் வேலிமசாலும் நல்ல தீவனம். காதைப் பிடித்துத் தூக்காமல், தோள்தோலைப் பற்றி அடியில் கை கொடுத்துத் தூக்கக் காசு வேண்டுமா? தாய் தேறும்வரை பொறுத்திருக்க வேண்டுவது பணமா, ஈமானா?

இதற்கும் மனமில்லாதவர் முயல் வளர்க்காமலிருப்பதே மேல். கடையில் ஆட்டிறைச்சி வாங்கி உண்ணட்டும். குறைந்தபட்சம் ஒரு கூண்டின் கணக்கு மறுமையில் அவர்மீது வராது.

அனுமதித்ததை உண்ணவும், பொறுப்பில் உள்ள உயிர்களிடம் இரக்கத்தோடு நடக்கவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.