ரத்தத்தில் ஊறியதா குடி?

பக்கத்துக் காலனியில் போன மாதம் ஒரு சாவு. நாற்பத்தாறு வயது, கரும்பு வெட்டும் தொழிலாளி. கல்லீரல் கெட்டு இறந்துபோனார். அவர் வேலை செய்த வயலின் உரிமையாளர் தெருமுனை வரை வந்து, நின்றபடியே துக்கம் கேட்டுவிட்டுத் திரும்பினார். போகிற போக்கில், "என்னத்தச் சொல்றது, இவங்களுக்கு இது ரத்தத்துலயே ஊறினது" என்றார். ஒருவரும் பதில் பேசவில்லை. காரியம் முடிந்த அன்று, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகன் என்னைத் தனியாக அழைத்துக் கேட்டான்: "அண்ணா, அப்பாவுக்கு இருந்தது எனக்கும் வருமா?"

கேட்பதற்கு இரண்டும் ஒரே பேச்சு போலத் தோன்றும். மகன் கேட்டது அறிவியல். வயல்காரர் சொன்னது சாதி.

குடிநோயில் மரபணுவுக்குப் பங்கு உண்டு. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. குடிநோயாளிகளுக்குப் பிறந்து, கைக்குழந்தையாக இருக்கும்போதே வேறு குடும்பங்களுக்குத் தத்துப் போன ஆண்களை டென்மார்க்கில் டொனால்ட் குட்வின் என்ற மருத்துவரின் குழு ஆராய்ந்தது. 1973-ல் முடிவு வெளியானது. பெற்றவரோடு வளராதபோதும், முப்பது வயதை ஒட்டி அவர்களில் 100-க்கு 18 பேர் குடிநோயாளிகளாகி இருந்தார்கள். மற்ற தத்துப் பிள்ளைகளில் 100-க்கு 5 பேர்தான். இதற்கென ஒற்றை மரபணு எதுவும் கிடையாது. பல மரபணுக்கள் சேர்ந்து, ஒவ்வொன்றும் சிறிது சிறிதாக ஆபத்தைக் கூட்டுகின்றன அல்லது குறைக்கின்றன. அதே கணக்கின் மறுபக்கத்தையும் மாணவர்கள் படிக்க வேண்டும். குடிநோயாளிக்குப் பிறந்த அந்த 100 பேரில் 82 பேர் குடிநோயாளி ஆகவில்லை.

மரபணு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு ஜப்பான் நல்ல பாடம். குடித்த மது உடலுக்குள் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சாகிறது. அதை ஒரு நொதி சிதைத்து வெளியேற்றுகிறது. கிழக்கு ஆசிய மக்களில் பலருக்கு அந்த நொதி பிறவியிலேயே மந்தம். ஒரு கோப்பை குடித்தாலே முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டும். ஆகவே பெரும்பாலும் குடிக்கு அடிமையாவதில்லை. இயற்கை போட்ட வேலி அது. ஆனால், ஜப்பானில் குடிநோயாளிகளிடையே இந்த வேலி உள்ளவர்களின் பங்கு 1979-ல் 2.5 சதவீதமாக இருந்தது, 1992-ல் 13 சதவீதமாகிவிட்டது. பதின்மூன்று ஆண்டில் ஒரு நாட்டின் மரபணு மாறாது. சுற்றியிருந்த சமூகம் மாறியது. வேலியையும் தாண்டிக் குடிக்க வைத்தது.

இந்த ஆய்வுகள் ஒரு மக்கள் கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டை அளப்பவை. ஊர்த்தெருவையும் சேரியையும் எடைபோடும் தராசு அவற்றில் இல்லை. ஒரே மூட்டை விதைநெல்லைப் பாதி ஏரிப் பாசனத்திலும் பாதி கட்டாந்தரையிலும் விதைத்துவிட்டு, விளைச்சல் குறைந்ததற்கு விதையைத் திட்டுவது போன்றது வயல்காரரின் பேச்சு. நிலத்தைப் பறிகொடுத்த அமெரிக்கப் பழங்குடிகளையும் பிறவிக் குடியர்கள் என்றுதான் சொல்லிவந்தார்கள். ஆய்வுகள் அதை மெய்ப்பிக்கவில்லை.

நம் கட்டாந்தரை எது? சாவு வீட்டில் பறையடிப்பவருக்கும் குழி வெட்டுபவருக்கும் கூலியோடு சாராயம் கொடுத்துப் பழக்கியது யார்? கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்குபவர் நாற்றம் தாங்காமல் குடித்துவிட்டு இறங்குகிறார். அந்த வேலையை அவர் தலையில் கட்டியது எந்த மரபணு? 2003 முதல் சில்லறை மது விற்பனையை அரசே நடத்துகிறது. 2023-24-ல் டாஸ்மாக் வருவாய் 45 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது. இவ்வளவையும் சேரிகள் மட்டுமா குடித்தன? ஊர்த்தெருவில் மாடியில் குடிக்கிறார்கள், நம்மவர் வெட்டவெளியில் குடிக்கிறார். கண்ணில் படுவது அவர்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது மெத்தனால். அது எப்படி அங்கு வந்தது என்பதைவிட, இவர்கள் ஏன் குடித்தார்கள் என்ற கேள்விதான் அப்போது உரக்கக் கேட்டது.

அந்த மாணவனிடம் இதையெல்லாம் சொன்னேன். உனக்கு ஆபத்து மற்றவரைவிடக் கூடுதல், ஆனால் அது விதி அல்ல, குடிக்காத உடம்பில் எந்த மரபணுவாலும் குடிநோயைக் கொண்டுவர முடியாது என்றேன். இன்னொன்றும் சொன்னேன். மார்க் ஷுக்கிட் என்ற அமெரிக்க மருத்துவர் குடிநோயாளிகளின் மகன்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். கொஞ்சம் குடித்ததும் தள்ளாடுபவரைவிட, எவ்வளவு குடித்தும் போதை ஏறாதவரே பின்னாளில் அதிகம் அடிமையானார். நம் ஊரில் "நல்லாத் தாங்குவான்" என்று தட்டிக்கொடுக்கிறோமே, அந்தப் பையன்தான்.

அவன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

"போன வருசம் திருவிழாவுல பசங்களோட சேர்ந்து குடிச்சேண்ணா. எல்லாரும் விழுந்துட்டாங்க. நான்தான் வண்டி ஓட்டிட்டு வந்து ஒவ்வொருத்தனையா வீட்டுல விட்டேன்."