காவல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

தோலில் எடுத்த செல்லைக் கருமுட்டையாக மாற்றலாமாம். ஜப்பானில் எலியிடம் செய்தே காட்டிவிட்டார்கள். 2016-ல் ஹயாஷி என்பவரின் குழு, எலி வாலில் எடுத்த செல்லை ஆய்வகத்திலேயே படிப்படியாகக் கருமுட்டை ஆக்கியது. அதில் பிறந்த குட்டிகள் வளர்ந்து குட்டியும் போட்டன. மனிதச் செல்லில், 2018-ல் கியோட்டோவின் சைட்டோ குழு கருமுட்டைக்கு முந்தைய நிலை வரை வந்தது.

பிள்ளை இல்லாமல், நகையை விற்று மருத்துவமனைக்கு அலைகிறவர்களை நாம் எல்லோரும் பார்க்கிறோம். அவர்கள் ஆசையை நான் குறை சொல்லவில்லை. என் கேள்வி வேறு.

நம் டி.என்.ஏ.வில் இடம் விட்டு இடம் தாவும் துண்டுகள் உண்டு. அவற்றை மக்காச்சோளத்தில் கண்டுபிடித்த பார்பரா மெக்ளின்டாக் அம்மையாருக்கு 1983-ல் நோபல் பரிசு கிடைத்தது. அவை கிளம்பாதபடி மேலே ரசாயன முத்திரை இருக்கும். ஆனால் கருவுக்குள், பிற்காலத்தில் முட்டையும் விந்தும் ஆகப்போகிற செல்களில் அந்த முத்திரைகள் பெரும்பாலும் அழிக்கப்படுகின்றன, பழைய பதிவேட்டை மூடிப் புதியது திறப்பதைப் போல. அப்போது தாவும் துண்டுகளை அடக்குவதில் பெரும்பங்கு பை-ஆர்.என்.ஏ. என்னும் சின்னஞ்சிறு காவலாளிகளுக்கு. நீளம் சுமார் 30 எழுத்துதான். இந்த ஏற்பாட்டைக் கெடுத்தால் ஆண் எலி மலடாகிவிடுகிறது.

ஆய்வகத்தில் வளர்ந்த செல் பார்வைக்கு அசல் போலவே இருக்கலாம். இந்தக் காவலாளிகள் உரிய நேரத்தில் வேலைக்கு வந்தார்களா? கோப்பின் அட்டையை மட்டும் பார்த்து எந்த குமாஸ்தாவும் மேலே அனுப்பமாட்டான். இங்கே பிழை நுழைந்தால் பிறக்கும் குழந்தையோடு நிற்காது, அதன் பிள்ளைக்கும் போகலாம். அவர்களிடம் சம்மதம் வாங்க வழியே இல்லை.

ஆராய்ச்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. மனிதக் கருவில் இந்தச் செல்கள் தோன்றுவது மூன்றாம் வார வாக்கில், தாய்க்கே தெரியுமுன். நேரில் பார்க்க முடியாததால் ஆய்வக மாதிரி அவசியம். மலட்டுத்தன்மையின் காரணமும் அதில் பிடிபடலாம். ஆராய்ச்சி நடக்கட்டும், வியாபாரம் காத்திருக்கட்டும்.

பிரெஞ்சில் படித்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். பிரான்சில் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1982-ல் பிறந்தது. மறுவருடமே தேசிய அறநெறிக் குழு அமைத்துவிட்டார்கள். நம் நாட்டில் கல்கத்தாவில் 1978-லேயே பிறந்தது. அதற்கான சட்டம் வந்ததோ 2021-ல். 43 வருடம்! இந்த முறையாவது விதி முதலில் வரட்டும், விளம்பரப் பலகை அப்புறம் வரட்டும்.