நாங்கள் முதியவர்களாகவே பிறக்கவில்லை

நோயுற்ற முதியவரின் தலைமாட்டில் கைப்பேசியை வைத்து, பக்திப் பாடல்களை மெல்ல ஒலிக்கவிடும் பிள்ளைகளை மருத்துவமனைகளில் அடிக்கடி காண்கிறோம். அந்த அன்பை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. இறைவனின் பெயர் எங்களுக்கும் ஆறுதலே. ஆயினும், எழுபத்தைந்தைக் கடந்தவர்கள் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம்: நாங்கள் முதியவர்களாகவே பிறக்கவில்லை.

1960-களில் நாங்கள் மாணவர்கள். வால்வு வானொலியின் குமிழைத் திருகி, இரைச்சலுக்கு நடுவே இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பைத் தேடிப் பிடிப்போம். எல்விஸ் பிரெஸ்லியும் நாட் கிங் கோலும் கிளிஃப் ரிச்சர்டும் பீட்டில்ஸ் குழுவினரும் எங்கள் கூடத்திற்குள் வந்தது அவ்வாறுதான். 1964-இல் வெளியான ‘காதலிக்க நேரமில்லை’ படத்தில் விஸ்வநாதன் – ராமமூர்த்தி இணையர் மேற்கத்திய நடன இசையைத் தமிழோடு குழைத்துத் தந்தபோது, அந்தத் தாளம் எங்களுக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. 1969-இல் சென்னை மவுண்ட் ரோடில் ‘நைன் ஜெம்ஸ்’ என்ற இரவு விடுதியில் புடவை கட்டிய இளம்பெண் ஒருவர் ஜாஸும் பாப்பும் பாடத் தொடங்கினார். அவரே பின்னாளில் நாடறிந்த உஷா உதுப். அன்று இத்தகைய இசையைக் கூச்சல் என்று பெரியவர்கள் கடிந்துகொண்டார்கள். 2024-இல் அவருக்குப் பத்ம பூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

பாடியவர்களும் எங்களோடு மூப்படைந்தார்கள். அறுபத்து நான்கு வயதில் தன் வாழ்க்கை எப்படியிருக்கும் என்று கேட்கும் ஒரு பாட்டைப் பால் மெக்கார்ட்னி பதின்வயதிலேயே புனைந்தார். அது பீட்டில்ஸ் இசைத்தட்டில் 1967-இல் வெளிவந்தது. அப்போது அந்த வயது எங்களுக்கு எட்டாத் தொலைவாக, வேடிக்கையாகத் தோன்றியது. அவர் அந்த வயதை 2006-இல் எட்டினார். நாங்களும் அதைத் தாண்டி வந்துவிட்டோம்.

வயது ஏற ஏறக் காது முதலில் இழப்பது பெரும்பாலும் உயர்ந்த ஒலிகளைத்தான். தாளத் தட்டுகளின் மெல்லிய சிலிர்ப்பு மங்குகிறது. பாடலின் சொற்கள் தேய்கின்றன. ஆனால் இளமையில் நூறு முறை கேட்ட பாட்டில், காது தராததை நினைவு தந்துவிடுகிறது. புதிய பாடல்கள் பிடிக்காமற்போவதற்கு எங்கள் பிடிவாதம் மட்டுமே காரணமன்று.

முதுமையில் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கும்போது, ஏறத்தாழப் பத்து வயது முதல் முப்பது வரையிலான காலமே மற்றவற்றினும் தெளிவாக நினைவுக்கு வருகிறது என்று உளவியல் ஆய்வாளர்கள் கூறுகிறார்கள். அண்மையில் நடந்தவை மறந்து, சொற்கள் தடுமாறும் மறதி நோயாளர் பலரிடமும் பழகிய பாட்டை இனங்காணும் ஆற்றல் நெடுங்காலம் எஞ்சியிருக்கிறது. அமெரிக்க ஜாஸ், பாப் பாடகர் டோனி பென்னட் இதற்கு ஒரு சான்று. அல்சைமர் நோய் 2016-இல் அவருக்குக் கண்டறியப்பட்டது. ஆயினும், 2021 ஆகஸ்டில், தம் 95-ஆம் பிறந்தநாளன்று, நியூயார்க்கின் ரேடியோ சிட்டி இசையரங்கில் லேடி காகாவுடன் மேடையேறித் தம் பழைய பாடல்களைப் பாடினார். 2023-இல் மறைந்தார். பாட்டு அவருடைய நோயைத் தீர்க்கவில்லை. நோய்க்குள்ளும் அவரை அவராக இருக்கச் செய்தது.

இசை மருந்துக்கு மாற்று என்று நாங்கள் கூறவில்லை. எங்கள் வேண்டுகோள் மிக எளியது. மருத்துவமனையில் சேரும்போது சர்க்கரை, இரத்த அழுத்தம், ஒவ்வாமை என எத்தனையோ கேட்டு எழுதுகிறீர்கள். எங்கள் இளமைப் பாடல்கள் பத்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் தெளிவாகச் சொல்லக்கூடிய நாளிலேயே எழுதுங்கள். பின்னர் ஒருவேளை எங்களால் சொல்ல முடியாமற்போகலாம்.

பாட்டைப் போடுமுன் எங்களைக் கேளுங்கள். பக்கத்துப் படுக்கையில் இருப்பவருக்கும் ஓய்வு தேவை. ஆகவே காதொலிப்பானைப் பயன்படுத்துங்கள், ஒலியை அளவோடு வையுங்கள். நாள் முழுவதும் ஓடவிட வேண்டாம். இரண்டு மூன்று பாடல்களே போதும். கேட்கும்போது கண்ணீர் வந்தால் பதறாதீர்கள். எல்லாக் கண்ணீரும் துயரமன்று. ஆனால் மறைந்த துணைவரை நினைவூட்டும் பாட்டு சிலரை வருத்தக்கூடும். முகம் வாடினால் நிறுத்திவிடுங்கள். அமைதி வேண்டும் என்றால் அதையும் தாருங்கள்.

தேர்வு எங்களுடையதாக இருக்கட்டும் என்பதே எங்கள் கருத்து. எதை உண்பது, எப்போது உறங்குவது, எப்போது எழுவது என அனைத்தையும் பிறர் முடிவு செய்யும் இடத்தில், எந்தப் பாட்டைக் கேட்பது என்பதையேனும் நாங்கள் சொல்லலாகாதா?

இன்று மாலை பார்வை நேரத்தில் வரும்போது, பழச்சாற்றுடன் ஒரு கேள்வியையும் கொண்டுவாருங்கள். “அப்பா, இருபது வயதில் உங்களுக்குப் பிடித்த பாட்டு எது?” என்று கேளுங்கள். “பாட்டி, நீங்கள் யாருடைய குரலுக்கு மயங்கினீர்கள்?” என்று கேளுங்கள். நீங்கள் பிறக்குமுன் இங்கே வாழ்ந்த ஓர் இளைஞனை, ஓர் இளம்பெண்ணை அப்போது சந்திப்பீர்கள்.