கராஜில் ஒரு ஏரோப்ளேன்

ஏரோப்ளேன் செய்வது எப்படி?

முதலில் கராஜில் இருக்கும் காரை வெளியே எடுத்துத் தெருவில் நிறுத்தவும். அடுத்த நாலைந்து வருஷத்துக்கு அது உள்ளே வராது. பிறகு மனைவியிடம் விஷயத்தைச் சொல்லவும். (வரிசையை மாற்றி முதலில் மனைவியிடம் சொன்னவர்களின் கார் இன்னும் கராஜிலேயே இருப்பதாகக் கேள்வி.)

விளையாட்டில்லை ஸார். அமெரிக்காவில் ஏரோப்ளேன் மரப்பெட்டியில் பார்சலாக வரும். வால் ஒரு பெட்டி, இறக்கை ஒரு பெட்டி, உடம்பு ஒரு பெட்டி. கூடவே டெலிபோன் டைரக்டரி கனத்துக்கு ஒரு புத்தகம். பிரித்து, படித்து, மாட்டி, ஓட்டிக்கொள்ள வேண்டியது உங்கள் சமர்த்து. பணம் மொத்தமாகப் புரளாவிட்டால் முதலில் வாலை மட்டும் வாங்கலாம். பலபேர் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். சிலர் வாலோடு நின்றுவிடுகிறார்கள். அமெரிக்க கராஜ்களில் உடம்புக்காகக் காத்திருக்கும் வால்கள் கணிசம்.

இந்தப் பைத்தியத்துக்குச் சட்டமே பச்சைக்கொடி காட்டுகிறது. அங்கே விமானங்களைக் கட்டி மேய்க்கும் எஃப்.ஏ.ஏ. என்கிற இலாகா, 'பரிசோதனை விமானம்' என்று ஒரு பிரிவு வைத்திருக்கிறது. நிபந்தனை ஒன்றுதான். வேலையில் பெரும்பகுதியைத் தொழில்முறைக்காரர் இல்லாதவர் செய்திருக்க வேண்டும். அதையும் தன் கல்விக்காக அல்லது பொழுதுபோக்குக்காகச் செய்திருக்க வேண்டும். '51 சதவீத விதி' என்று இதற்குச் செல்லப்பெயர். கம்பெனி 49 சதவீதத்துக்கு மேல் செய்து கொடுத்தால் அனுமதி கிடையாது. கஷ்டப்படாமல் கொடுத்தால் ஆட்சேபிக்கிற ஒரே சர்க்கார் விதி இதுவாகத்தான் இருக்கும்.

ரிச்சர்ட் வான்க்ரன்ஸ்வன் என்பவர் 1970-களின் ஆரம்பத்தில் ஆரிகன் மாநிலத்தில் தொடங்கிய வான்ஸ் கம்பெனியின் 'ஆர்.வி.' வரிசை, இந்த உலகத்தில் அம்பாஸடர் கார் மாதிரி. 11,000-க்கு மேல் ஆர்.வி.க்கள் பறந்திருக்கின்றன. பெரும்பாலானவை யாரோ ஒரு வாத்தியாரோ, டாக்டரோ, ரிட்டயர்டு போஸ்ட்மேனோ வீட்டில் முடுக்கியவை.

*

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், டெக்ஸாஸில் இருக்கும் என் தங்கை புருஷனும் ஒரு விமானம் கட்டிக்கொண்டிருக்கிறார். தொழில் சாஃப்ட்வேர். ஊரில் இருந்தவரை சைக்கிள் பஞ்சருக்கே கடைக்குப் போனவர். லீவில் அங்கே போனபோது கராஜைத் திறந்து காட்டினார். உள்ளே ஓர் அலுமினியத் திமிங்கிலம், இறக்கை இல்லாமல் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தது.

"என்ன மச்சான், எப்படி?" என்றார்.

"முடிஞ்ச மாதிரிதானே மாப்ளே இருக்கு?"

"முக்கால்வாசி முடிஞ்சாச்சு. அப்படின்னா இன்னும் முக்கால்வாசி பாக்கின்னு அர்த்தம்."

இது இந்த உலகத்துக் கணக்கு. 1,500, 2,000 மணி நேரம் என்பது சாதாரணம். ஆபீஸ் விட்டு வந்து தினம் இரண்டு மணி நேரம் என்று போட்டுப் பாருங்கள். கல்யாணம், காய்ச்சல், கிரிக்கெட் மாட்ச் எல்லாம் கழித்தால் எத்தனை வருஷம் என்பது விளங்கும்.

நேரமெல்லாம் போவது ரிவிட்டில். மெட்ராஸ் பாஷையில் 'ரிவிட்டு அடித்துவிட்டான்' என்போமே, அந்த ரிவிட் இல்லை. நிஜ ரிவிட். இரண்டு அலுமினியத் தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் குட்டி ஆணி. ஒரு இரண்டு சீட் விமானத்தில் பத்தாயிரத்துக்கு மேல் வரும்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு பூஜாவிதி உண்டு. துளையைச் சரியான அளவுக்குத் துளைக்க வேண்டும். துளையின் விளிம்பிலும் தகட்டின் ஓரத்திலும் பிசிறு இல்லாமல் வழிக்க வேண்டும். ரிவிட்டின் தலை தகட்டோடு தகடாக உட்கார, துளையைச் சுற்றிக் குழி அமுக்க வேண்டும். பிறகு 'க்ளீக்கோ' என்கிற ஸ்ப்ரிங் கிளிப்புகளால் தகடுகளை இறுக்கிப் பிடித்து, ஒவ்வொன்றாகக் கழற்றி, அந்த இடத்தில் ரிவிட். ஒருவர் வெளியே நின்று காற்றுத் துப்பாக்கியால் தலையில் 'டர்ர்ர்' என்று அடிப்பார். இன்னொருவர் உள்ளேயிருந்து வாலில் ஓர் இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க வேண்டும். வால் நசுங்கி, ரிவிட் தடிமனில் ஒன்றரை மடங்கு அகலமும் அரை மடங்கு உயரமும் வந்தால் பாஸ். இல்லாவிட்டால் டிரில் போட்டு எடுத்துவிட்டு முதலிலிருந்து.

விமானத்தின் வால்பக்கம் புனல் மாதிரி குறுகிக்கொண்டே போகும். அதற்குள் மாப்பிள்ளையின் தொப்பை நுழையாது. ஆகவே இரும்புக் கட்டியோடு உள்ளே படுத்திருந்தது என் தங்கை. காதில் அடைப்பான், தலையில் டார்ச்லைட்.

"சரியா வந்திருக்காம்மா?"

உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும்: "வரலை. எடுத்துட்டு மறுபடி அடிங்க."

"பரவாயில்லைன்னா விட்டுடலாமே?"

"இதுல உக்காரப் போறது யாரு?"

மறுபேச்சில்லாமல் டிரில்லை எடுத்தார். பன்னிரண்டு வருஷ தாம்பத்தியத்தில் அவர் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை.

பிசிறு வழிப்பது அழகுக்காக இல்லை. சின்னக் கீறல் போதும், அதிர்வில் அங்கேதான் விரிசல் பிறக்கும். பெரிய கம்பெனிக்கும் இது பாடம் சொல்லியிருக்கிறது. வான்ஸ் கம்பெனி கொஞ்ச காலம் துளைகளை லேஸரில் வெட்டியது. சில துளைகளில் லேஸர் ஆரம்பித்து முடித்த இடத்தில் ஒரு துளி வடு. குழி அமுக்கியபோது அங்கே விரிசல். 2023-ல் அந்தப் பாகங்களை மாற்றிக் கொடுக்க நேர்ந்தது. வேறு சில இடிகளும் சேர, அந்த டிசம்பரில் கம்பெனி திவால் சட்டத்தின் நிழலில் ஒதுங்கி, 2024-ல்தான் வெளியே வந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு வடு!

பெட்ரோல் டாங்க் இன்னொரு கூத்து. இறக்கைக்குள்ளேயே டாங்க். கசியாமல் இருக்க ஒரு பசை பூசுவார்கள். கறுப்பாக, அல்வா பதத்தில் இருக்கும். அல்வாவோடு ஒற்றுமை அத்தோடு சரி, வாசனை சகிக்காது. கை, சட்டை, கதவுப்பிடி எல்லாவற்றிலும் ஒட்டும். காய்ந்ததும் டாங்க்கின் வாயில் ஒரு பலூனைக் கட்டிக் காற்றடைத்து, சோப்புத்தண்ணீர் தடவிப் பார்ப்பார்கள். குமிழி வந்தால் கசிவு. பர்த்டே பார்ட்டி இல்லாமல் ஒரு பலூனை இத்தனை கவலையோடு பார்க்கும் குடும்பத்தை அங்கேதான் பார்த்தேன்.

*

மெட்ராஸ் திரும்பியதும் அம்மாவிடம் போட்டோவைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"மாப்பிள்ளை பண்ணின ப்ளேன்ல இவளும் குழந்தையும் ஏறப் போறாளா?"

நியாயமான கேள்வி. சமாதானமாக ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. அமெரிக்காவின் விபத்து ஆராய்ச்சி வாரியம் 2012-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கே தனியார் சிறு விமானங்களில் வீட்டில் கட்டியவை கிட்டத்தட்ட 10 சதவீதம். 2011-ல் நடந்த விபத்துகளில் அவற்றின் பங்கு சுமார் 15. உயிர்ச்சேத விபத்துகளில் 21. விழுந்ததில் பாதிக்கு மேல், கட்டியவர் கையில் இல்லை. செகண்ட்ஹாண்டில் வாங்கியவர் கையில் இருந்தவை.

பாடகர் ஜான் டென்வர் அப்படித்தான் போனார். 1997 அக்டோபர் 12, கலிஃபோர்னியாவில் மான்டரே விரிகுடா. பர்ட் ரூட்டன் டிஸைன் செய்த 'லாங்-ஈஸி' விமானம். கிட் இல்லை, வரைபடத்தைப் பார்த்து வேறொருவர் கட்டியது. ஒரு டாங்க்கிலிருந்து இன்னொன்றுக்குப் பெட்ரோலை மாற்றும் கைப்பிடி, வரைபடப்படி பைலட்டின் கால்களுக்கிடையே இருக்க வேண்டும். கட்டியவர் பெட்ரோல் குழாய் தன் பக்கம் வரக்கூடாது என்ற ஜாக்கிரதையில் அதை இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். பறந்துகொண்டே அதைத் திருப்ப உடம்பை முறுக்கவேண்டும். முறுக்கினால் வலது கால் தன்னையறியாமல் பெடலை மிதிக்கும். புறப்படுமுன் பெட்ரோல் குறைவு. கொஞ்ச நேரம்தானே என்று போட்டுக்கொள்ளவில்லை. விமானம் கடலில் விழுந்தது. ஒருத்தர் பத்திரத்துக்காகச் செய்த மாற்றம், இன்னொருத்தர் உயிரைக் குடித்தது.

இதை அம்மாவிடம் சொல்லவில்லை. மாப்பிள்ளையிடம் போனில் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் புத்தகத்தில் போட்ட இடத்தை விட்டு ஒரு திருகாணியைக்கூட நகர்த்துவதில்லையாம்.

*

இறக்கை மாட்டியவுடன் குடும்பத்தோடு ஏறிக் குற்றாலம் போக முடியாது. ஓர் அதிகாரி வந்து விமானத்தையும், வருஷக்கணக்காக எழுதி வைத்த டைரியையும், போட்டோக்களையும் பார்ப்பார். நீங்கள் கட்டியதற்கு அதுதான் சாட்சி. பிறகு சோதனைக் கட்டம். பழைய கணக்குப்படி 25 அல்லது 40 மணி நேரம், குறிப்பிட்ட வட்டாரத்துக்குள்ளேயே பறக்க வேண்டும். மணிக்கணக்குக்குப் பதில் ஒரு சோதனைப் பட்டியலை முடித்துக் காட்டவும் இப்போது வழியுண்டு. எப்படியானாலும் அதுவரை பயணிகள் கிடையாது. அதன்பிறகும் வாசலருகே 'பரிசோதனை' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். உள்ளே இன்னொரு பலகை: இது தொழில்முறையில் கட்டியதல்ல, சாதாரண விமானங்களுக்கான பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதல்ல என்று. வாடகைக்கு ஆள் ஏற்றக்கூடாது. நம்மூர் ஷேர் ஆட்டோவில் இப்படி ஒரு பலகை மாட்டினால் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று யோசிக்கிறேன். எல்லாரும் ஏறுவார்கள்.

கட்டி முடித்தாலும் வேலை முடியாது. வருஷத்துக்கு ஒருமுறை மூடியெல்லாம் கழற்றி முழுப் பரிசோதனை. ஆயில் ஃபில்டரைத் தூக்கிப் போடாமல் அறுத்து, மடிப்பு மடிப்பாகப் பிரித்து, வெளிச்சத்தில் பார்ப்பார்கள். பளபளவென்று உலோகத் துகள் தெரிந்தால் எஞ்சின் உள்ளே தேய்கிறது என்று அர்த்தம். கையெழுத்துப் போட லைசென்ஸ் உள்ள மெக்கானிக் வேண்டும். அல்லது கட்டியவரே போடலாம், அதற்கென்று ஒரு சான்றிதழ் தருகிறார்கள். அவர் கட்டிய அந்த ஒரே விமானத்துக்கு மட்டும். விற்றுவிட்டால் விமானம் போகும், சான்றிதழ் கூடப் போகாது. எந்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்கிற ஞாபகம், கட்டியவர் தலையில்தான் இருக்கிறது.

நம்மவர்களும் சும்மா இல்லை. இங்கிலாந்தில் ஆலப்புழைக்கார எஞ்சினியர் ஒருவர், கோவிட் ஊரடங்கில் தோட்டத்து ஷெட்டில் தென்னாப்பிரிக்கக் கிட் ஒன்றைக் கட்டி, மகள் பெயரையும் வைத்து 2022-ல் பறந்தார். மும்பை காந்திவலியில் அமோல் யாதவ் என்கிற பைலட், கிட்கூட இல்லாமல் மொட்டை மாடியிலேயே ஆறு சீட் விமானம் கட்டினார். 2016 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் வைத்தார். பதிவு எண் வாங்க 2017 ஆயிற்று. நம் மொட்டை மாடியில் வடாம் காயவைக்கவே பக்கத்து வீட்டுக்காரர் ஆட்சேபிக்கிறார்.

போன வாரம் தங்கை போன் பண்ணினாள். இறக்கை மாட்டியாச்சாம். காரில் இன்னும் பனி, வெயில் எல்லாம் விழுகிறதாம்.

"நீ ஏறுவியா?" என்று கேட்டேன்.

"40 மணி நேரம் அவர் தனியா ஓட்டட்டும் அண்ணா. நாப்பத்தியோராவது மணி நான் ஏறுவேன். பாதி ரிவிட் நான் பிடிச்சது, எனக்குத் தெரியும். குழந்தையை அப்புறம் பாத்துக்கலாம்."

அப்படியே அம்மாவிடம் சொன்னேன். விரல் விட்டு எண்ணுகிற மாதிரி யோசித்தாள்.

"சரி. நாப்பத்திரண்டாவது மணிக்கு எனக்குப் போன் பண்ணச் சொல்லு."